பதினான்காவது புகார்

மொரான்வால்,
27 ஜூன் 1979

அன்புள்ள குரங்குக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். ஜெயித்தவர்களுக்கு என்ன குறை.

இடது கை இன்னும் மாவுக்கட்டில் இருக்கிறது. ஏப்ரலில் ஆறு வாரம் என்ற டாக்டர் இப்போது இன்னும் மூன்று வாரம் என்கிறார். தாள் நகராமல் இருக்க அதன்மேல் காபிக் கோப்பையை வைத்து எழுதுகிறேன். வட்டக் கறை அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடிந்ததும் உன்னை வாழ்த்த மலை உச்சிக்கு வரவில்லை. கூட்டம். தவிர, உன்னைச் சுற்றி வாழ்த்துவதற்கு ஆள் இருந்தது.

ஒன்பது வருடம் என் சைட்காரில், வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்க்கிற பந்தயக் குரங்காகத் தொங்கினாய். நாம் நான்கு முறை இரண்டாவதாக வந்தோம். க்ளோவிஸ் வண்டியில் ஒரே ஒரு முறை தொங்கினாய், முதலிடம். வாழ்த்துகள். மனதார எழுதுகிறேன். இதற்கு முன் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் இந்த அளவுக்குத்தான் மனதார வந்தது.

ஆனால் மரியெத், அது ஒரு பந்தயமா? காலை எட்டு மணிக்கு என்றார்கள். ஒவ்வொன்றாக விடுகிற வண்டிகளில் முதலாவதே பத்தரைக்குத்தான் கிளம்பியது, ஆம்புலன்ஸ் டிரைவர் தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தார். வைக்கோல் கட்டுகள் பீர்ப் பந்தலில் இருந்து தெரிகிற வளைவுகளில் மட்டும். பதினோரு வளைவுக்கு ஒரே துடைப்பம். அதுவும் மதியம் தொத்திறைச்சிக் கடையைப் பெருக்கப் போய்விட்டது. அந்தக் கடையில் நான்கு பேர் வேலை செய்தார்கள், கிளப் தலைவர் மொர்லே கசாப்புக்காரர் என்பதால். நேரம் அளக்கிற கம்பியைப் புல்வெட்டும் இயந்திரம் அறுத்துவிட்டது. அதன்பின் கைக்கடிகாரம், பென்சில், தொத்திறைச்சிச் சீட்டின் முதுகு. எந்த வளைவில் யார் கொடி பிடித்து நின்றார்கள் என்ற பட்டியல்கூடக் கிளப்பில் இல்லை. மூன்றாவது ஏற்றத்தை ரத்து செய்தார்கள். பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதருக்கு அவசரமாம்.

மொத்தம் பதிமூன்று புகார். இருபத்திரண்டு பந்தயக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நடந்ததை ரத்து செய்து செப்டம்பரில் மறுபடி நடத்தச் சொல்லி வட்டாரக் கழகத்துக்கு அனுப்பப்போகிறோம். கழகத்தின் செயலாளர் ஃபோனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தோத்தவன் இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டா அது புலம்பல்ப்பா. ஜெயிச்சவன் ஒருத்தன் போடட்டும், காகிதக் கட்டைப் பிரிச்சுப் பாக்கறோம்."

ஆகையால் உன் கையெழுத்து வேண்டும்.

செப்டம்பரில் என் கையும் சரியாகிவிடும்.

உன் அண்ணன்
எமில்


பெசான்சோன்,
2 ஜூலை 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்றாவது தாளையும் கிழித்திருக்கலாம். நான்காவது இன்னும் நன்றாக வந்திருக்கும்.

பட்டறையில் வேலை அதிகம். இந்த வாரம் பதினேழு பல் செட். நாள் முழுக்கப் பிளாஸ்டர் குழைக்கும்போது உன் கை ஞாபகம் வருகிறது. உள்ளே அரித்தால் பின்னல் ஊசியை விடாதே. சீப்பு கொடுத்தனுப்பியிருக்கிறேன், அதன் காம்பு நீளம்.

நீ எழுதியதெல்லாம் உண்மைதான். உச்சியில் எங்களை இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். இறங்கும் பாதை திறக்கவில்லை, தண்ணீர் இல்லை. மொர்லே ஒலிபெருக்கியில் "இன்னும் அஞ்சே நிமிஷம், அருமை நண்பர்களே" என்று ஏழு முறை சொன்னார். பெரிய ழாந்த்ர் தோல் சட்டையைக் கழற்றிப் பிழிந்து காட்டினார். "மொர்லேகிட்ட சொல்லுங்கடா, அடுத்த தொத்திறைச்சிக்கு உப்பு இங்கயே இருக்கு." அந்தக் கோபத்திலும் எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் கையெழுத்து. அண்ணா, இது என் முதல் முதலிடம். எனக்கு முப்பத்தொன்று. அலமாரியில் கோப்பைக்காக மருந்து டப்பாக்களை நகர்த்தி இடம் செய்துவிட்டேன். 0.4 வினாடியில் ஜெயித்தோம். அது பென்சிலால் எழுதிய 0.4 என்று எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் துடைக்கிறேன்.

யோசிக்கிறேன். அவசரப்படுத்தாதே.

நீ அன்று எங்கே நின்றாய்?

உன் குரங்கு


மொரான்வால்,
5 ஜூலை 1979

அன்புள்ள குரங்குக்கு,

சீப்பு வந்தது. காம்பு போதவில்லை, ஆனாலும் நன்றி.

எங்கே நின்றேன் என்று கேட்டாய். கூட்டத்தோடுதான்.

செய்தித்தாளில் படம் பார்த்தேன். நான்காம் வளைவு. நீ அவன் முதுகின்மேல் படுத்திருக்கிறாய். இடது வளைவில் அப்படித்தான் படுக்க வேண்டும், எனக்குத் தெரியாததா, நான்தானே கற்றுக்கொடுத்தேன். ஆனால் ஹெல்மெட் நீலம். நான் வாங்கிக் கொடுத்த சிவப்பு எங்கே? படத்தின் கீழே "பிரிக்க முடியாத ஜோடி" என்று போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் சேர்ந்தவர்கள் ஜூனில் பிரிக்க முடியாத ஜோடி. பத்திரிகைக்காரனுக்கு என்ன தெரியும்.

கடையில் ரொட்டி வாங்கப் போனால்கூட அதே பேச்சு. "தங்கச்சி பிரமாதம் எமில். அந்தப் பையன் கிட்ட போனதும் எப்படி மாறிட்டா பாத்தியா." ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். மிச்சக் காசை வாங்க மறந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. வளைவு வருவதற்குமுன் நான் குதிகாலால் உன் பக்கத்துத் தகட்டைத் தட்டுவேனே, வலதுக்கு ஒன்று, இடதுக்கு இரண்டு. அவன் எப்படிச் சொல்கிறான்? எண்ணுகிறானா? கத்துகிறானா? குழாய் ரிப்பேர்க்காரன், அவனுக்கு என்ன அடையாளம் தெரியும்.

ஒரு சீசன் நீ காத்திருந்திருக்கலாம். எலும்பு உடைந்து எட்டாம் நாள் அவன் வந்து கேட்டான். எட்டாம் நாளே நீ சரி என்றாய். ஒன்பதாம் நாள்வரை இருந்திருந்தால் நானே போகச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மனுவின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறது.

எமில்


பெசான்சோன்,
9 ஜூலை 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். க்ளோவிஸ் எண்ணுவதில்லை, கத்துவதில்லை. நான் எப்போது சாய்கிறேன் என்று பார்த்து அவன் திருப்புகிறான். முதல் நாள் எனக்கே பயமாக இருந்தது. "என்னடா, எதுவும் சொல்ல மாட்டியா?" என்றேன். "நீங்க தரைக்குப் பக்கத்துல இருக்கீங்க அக்கா. உங்களுக்குத்தான் ரோடு தெரியும்" என்றான்.

சிவப்பு ஹெல்மெட் பத்திரமாக இருக்கிறது. ஏப்ரலில் நாம் விழுந்தபோது விரிசல் விட்டது. உன்னிடம் சொல்லவில்லை.

மனுவைப் படித்தேன். இரண்டு முறை. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதில் பதிமூன்றுதான் இருக்கிறது. ஒன்று குறைகிறது.

ஆறாம் வளைவு. வலது வளைவு, ஆகையால் நான் வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறேன். என் தலைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு சாண். அந்த உயரத்தில் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் தெரியாது. செருப்பு தெரியும், சாக்ஸ் தெரியும், யாரோ போட்டு மிதித்த சிகரெட் தெரியும்.

மைல்கல் பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ். ஒன்றில் கறுப்பு நாடா, மற்றதில் பச்சைக் கயிறு. அந்தக் கயிற்றை என் தக்காளிச் செடியில் இருந்து அவிழ்த்துக்கொண்டு போனவனை எனக்குத் தெரியும்.

அடிபட்டவன் அந்த வருடம் கொடி பிடிக்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள வழக்கம். நீ கூட்டத்தில் நிற்கவில்லை. உன் காலுக்குப் பக்கத்தில் மஞ்சளும் சிவப்பும் கோடு போட்ட கொடி தொங்கியது. பாதை வழுக்கும் என்று காட்டுகிற கொடி. எங்களுக்கு முன்னால் போனவர்கள் ஓரத்தை வெட்டிச் சரளையை நடுவே இழுத்துப் போட்டிருந்தார்கள். பின்சக்கரம் போனது. தோள்பட்டைத் தோலை முழுதாகத் தரை உரித்துக்கொண்டது, சட்டைத் தோல்தான், பயப்படாதே. எப்படியோ நிமிர்ந்தோம்.

உச்சியில் க்ளோவிஸ் பக்கத்தில் இல்லாதபோது ழாந்த்ர் சொன்னார்: "ஆறாவதுல நல்லவேளை கொடி காட்டினான், வேகத்தைக் குறைச்சேன்." அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். எங்களுக்குப் பின்னால் ஒன்பது வண்டி. ஒன்பதுக்கும் காட்டியிருக்கிறாய்.

க்ளோவிஸிடம் சொல்லவில்லை. அந்த வளைவில் ஆளே இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பதினான்காவதை நீயே எழுது. உன் கையெழுத்தில். பிறகு நான் போடுகிறேன்.

மரியெத்


மொரான்வால்,
15 ஜூலை 1979

மரியெத்,

நேற்று தேசிய நாள், முழுக்க ஊரில் பட்டாசு. இன்று அமைதி. இன்றுதான் எழுத முடிந்தது.

கட்டு இடது கையில். வலது கை நன்றாக இருந்தது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். வேறு காரணம் தேட எனக்கே ஆசையாக இருக்கிறது.

காலையில் மொர்லே கொடியைக் கையில் திணித்தார். "கொடி இந்தா, சாப்பாட்டுச் சீட்டு இந்தா, உனக்குத் தெரியாததா" என்றார். பேரை எழுதிக்கொள்ளவில்லை. துடைப்பம் கேட்டேன். "வரும், வரும்" என்றார். வரவில்லை. இதெல்லாம் நிஜம். இதெல்லாம் பதிமூன்றுக்குள் இருக்கிறது.

சரளை விழுந்ததைப் பார்த்தேன். அடுத்த வண்டியின் சத்தம் கீழே கேட்டது. கொடியைப் பிரித்தேன். ஐந்தாம் வளைவைத் தாண்டி நீங்கள் தெரிந்தீர்கள். மரியெத், வெளியில் இருந்து உன்னை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒன்பது வருடம் நீ எனக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு எடை. எடை சரியான இடத்தில் இருந்தால் நீ இருக்கிறாய் என்று அர்த்தம், அவ்வளவுதான். அன்று பார்த்தேன். நீ அவ்வளவு அழகாகத் தொங்குவாய் என்று தெரியாது. என்னோடும் இப்படித்தானா, இல்லை அவனோடு மட்டுமா? அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கை எழவில்லை.

நீங்கள் விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு வினாடி பிந்தினால் போதும் என்று நினைத்தேன். சரியாகச் சொன்னால் அரை வினாடி.

அடுத்த வண்டிக்குக் கை தானாக எழுந்தது. அதற்கடுத்ததற்கும்.

பிறகுதான் உறைத்தது. கொடியைக் காட்டியிருந்தால் அவனும் வேகத்தைக் குறைத்திருப்பான், நீங்கள் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்திருப்பீர்கள். காட்டாததால் முழு வேகத்தில் போனீர்கள். பின்னால் வந்த ஒன்பது பேரை நிதானமாகப் போகச் சொன்னவன் நான். உனக்கு அந்த 0.4 வினாடியைக் கொடுத்தவனும் நான். மூன்று வாரமாக இதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

கீழே உள்ளதை மனுவில் சேர்த்துவிட்டேன்:

"14. ஆறாம் வளைவில் கொடி பிடித்து நின்றவர், பாதையில் சரளை கிடப்பதைப் பார்த்தும், ஒரு வண்டிக்கு மட்டும் வேண்டுமென்றே கொடி காட்டவில்லை. நின்றவர்: கீழே கையெழுத்திட்டிருக்கும் எமில் பெரார்."

எமில்


பெசான்சோன்,
19 ஜூலை 1979

அண்ணா,

கையெழுத்திட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். கோப்பையை அலமாரியில் இருந்து எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். மருந்து டப்பாக்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

க்ளோவிஸிடம் நானே சொன்னேன். குளிக்கும் தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தான். கையில் இருந்த மரையை இறுக்கி முடித்தான். பிறகு, "நான் கொடியப் பாக்கறதே இல்ல அக்கா. உங்களத்தான் பாக்கறேன்" என்றான். வெளியே வந்ததும், "உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டாரா? அப்ப நானும் போடறேன், பேனாவக் கொடுங்க" என்றான். தாளின் ஓரத்தில் இருப்பது குழாய்ப் பசை.

இதையும் எழுதக் காரணம், நீ கேட்பாய் என்று தெரியும்.

மரியெத்


மொரான்வால்,
11 செப்டம்பர் 1979

அன்புள்ள குரங்குக்கு,

கழகத்தின் முடிவு நேற்று வந்தது. உனக்கும் வந்திருக்கும். வராமலிருந்தால் சுருக்கம் இதோ.

ஒன்று முதல் பதிமூன்று வரை: "வானிலை, விழாக் கூட்டம் முதலிய தவிர்க்க முடியாத காரணங்களால்" தள்ளுபடி. அன்று வானிலை எவ்வளவு நன்றாக இருந்தது என்று உனக்குத் தெரியும். பதினான்காவது: ஏற்கப்பட்டது. நிரூபணமானது. பந்தயம் சீர்கெட்டதற்கு ஒரு தனிநபரின் பொறாமையே காரணம், கிளப்புக்கு இதில் பொறுப்பில்லை. முடிவுகள் அப்படியே இருக்கும், ஜெயித்தவர்கள்மேல் தவறில்லை என்பதால். எமில் பெரார், இரண்டு வருடம் பந்தயம் ஓட்டவோ கொடி பிடிக்கவோ கூடாது.

மொர்லே அடுத்த வருடமும் தலைவர். என்னைச் சந்தையில் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். அவர் யாருக்கும் தொப்பியைத் தூக்கியதில்லை.

இருபத்திரண்டு பேரும் என்னோடு பேசுவதில்லை. ழாந்த்ர் மட்டும் காபிக் கடையில் என் மேசைக்கு வந்து, உட்காராமல் சொன்னார்: "எங்க பதிமூணையும் உன் ஒண்ணு முழுங்கிடுச்சேடா. கொடி காட்டாததும் நீ, அதை எழுதினதும் நீ. ரெண்டுல ஒண்ணாவது செய்யாம இருந்திருக்கக்கூடாதா?" அவர் காபிக்கு நான் காசு கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றார்.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை மெலிந்து, வேறு யாருடையதோ போல் இருக்கிறது.

மரியெத், கோப்பையைப் பெட்டியில் இருந்து எடு. அது உன்னுடையது. கழகமே சொல்லிவிட்டது.

இரண்டு வருடம் என்பது பெரிதில்லை. 1981 செப்டம்பர். உனக்கு முப்பத்துமூன்று, எனக்கு முப்பத்தெட்டு. அதுவரை அவனோடு ஏறு, நான் எதுவும் சொல்ல மாட்டேன். படங்களைப் பார்க்க மாட்டேன். பிறகு வருவாயா? குளிர்காலத்தில் வண்டியை முழுதாகக் கழற்றப்போகிறேன். உன் முழங்கால் படும் இடத்தில் ரப்பர் தேய்ந்து குழியாகிவிட்டது. அதை மாற்றவா, அப்படியே விடவா? மற்றதெல்லாம் நான் முடிவு செய்வேன். அதை மட்டும் நீ சொல்.

குதிகால் தட்டுவதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதே. கேட்டால்கூட.

உன் அண்ணன்
எமில்


பெசான்சோன்,
23 செப்டம்பர் 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

கழகத்தின் கடிதம் எனக்கும் வந்தது. அன்றே பதில் எழுதினேன். பதிமூன்றும் உண்மை, நான் அங்கே இருந்தேன், வெயில் அடித்தது என்று எழுதினேன். கோப்பையைத் தபாலில் செயலாளருக்கு அனுப்பிவிட்டேன். ழாந்த்ரிடம் சொல். நம்ப மாட்டார், ரசீதையும் இதோடு வைத்திருக்கிறேன், காட்டு.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஜூலையோடு போய்விட்டது. நீ எழுதியது எளிதில்லை. நானாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனாலும் வர மாட்டேன். 1981-இலும் வர மாட்டேன். க்ளோவிஸால் இல்லை. அடுத்த வருடம் அவனுக்குக் கல்யாணம், அந்தப் பெண்ணே தொங்கக் கற்றுக்கொள்கிறாள். நான் நின்றுவிடுவேனோ, வேறு வண்டி தேடுவேனோ, இன்னும் தெரியாது.

காரணத்தை ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டும். மனுவில் அதற்கு இடமில்லை, ஆகையால் எழுதவில்லை. இப்போது உனக்கு மட்டும்.

பூட்ஸைப் பார்த்தேன் என்றேன். பார்த்தபின் என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. அதுவரை நான் தலையை உயர்த்தித்தான் வைத்திருந்தேன். காலையில் இருந்து எந்த வளைவிலும் நம்பும்படி ஆள் இல்லை, துடைப்பம் இல்லை, எல்லோரும் அரைகுறையாகத்தான் சாய்ந்துகொண்டிருந்தோம். பச்சைக் கயிற்றைப் பார்த்ததும், அண்ணா நிற்கிறான், கொடி இறங்கியிருக்கிறது, பாதை சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். நினைக்கக்கூட இல்லை. உடம்பே அப்படி எடுத்துக்கொண்டது. இன்னும் அரைச் சாண் கீழே சாய்ந்தேன்.

அதனால்தான் தோள் தரையில் பட்டது.

அந்த அரைச் சாணை என்னால் இப்போது யார் வண்டியிலும் சாய முடியவில்லை. க்ளோவிஸ் கவனித்துவிட்டான். உன்னிடம் வந்தால் உனக்கும் தெரியும். எடை சரியான இடத்தில் இல்லை என்று உன் முதுகு சொல்லும். ஒவ்வொரு வலது வளைவிலும் சொல்லும். அது உனக்கு வேண்டாம்.

ரப்பரை மாற்றிவிடு. வேறு யாருடைய முழங்காலுக்காவது வேண்டியிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். 24-ஆம் தேதி மாலை ரயில். வாத்து நான் வாங்கி வருகிறேன், நீ வாங்கினால் மொர்லே கடையில்தான் வாங்குவாய். ஸ்டேஷனுக்கு வா. பூட்ஸுக்குப் புது நாடா ஒரு ஜோடி இதோடு அனுப்பியிருக்கிறேன், இரண்டும் கறுப்பு. அதைக் கட்டிக்கொண்டு வா.

கை மெலிந்திருந்தால் ரப்பர் பந்து ஒன்றை அமுக்கிக்கொண்டிரு. காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது.

மரியெத்